கூரையைத் தாங்கிய சுவர்

அன்று எங்கள் கூடத்தில் இருந்தவர்கள்: மூத்தவனாகிய நான், என் மனைவி, என் தம்பி, தம்பி மனைவி, எங்கள் ஒரே தங்கை, வீடு விற்றுக் கொடுக்கும் ஏஜென்ட் அம்மாள். மதிலுக்கு அப்பால் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்ற பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும். தெருவில் அவருக்கு ரேடியோ என்று பெயர். காலையில்தான் நல்ல மழை பெய்திருந்தது. அப்படியும் அவர் தண்ணீர் ஊற்றினார். இவர்களைத் தவிர வேறு யாரும் இல்லை. தானும் அங்கே இருந்ததாக யாராவது உங்களிடம் சொன்னால், அவரை நம்ப வேண்டாம்.

வீடு எங்கள் அப்பா கட்டியது. அவருக்குப் பிறகு எங்கள் மூவருக்கும் சமபங்கு. நானும் தம்பியும் ஆளுக்கு ஒரு பாதியில் குடியிருந்தோம். தங்கை மட்டும் கல்யாணமானதிலிருந்து வாடகை வீடுகளிலேயே காலத்தை ஓட்டினாள். ஒருநாள்கூட ‘என் பங்கு’ என்று அவள் வாய் திறந்ததில்லை. அவள் கேட்காததால் நாங்களும் கொடுக்கவில்லை என்று யாரும் நினைக்கக் கூடாது. கேட்டிருந்தால் மறுநாளே கொடுத்திருப்போம்.

இப்போதும் அவள் கேட்கவில்லை. ஒரு செய்தியாகத்தான் சொன்னாள். அவள் இருப்பது மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. முழங்கால் இரண்டும் மக்கர் பண்ணுகின்றன. காய்கறி வாங்க இறங்கினால் திரும்பி ஏறுவதற்குள் காய்கறி வாடிவிடுகிறது என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். அவளுடைய மகள் குடியிருக்கும் இடத்தில், அடுத்த வீடே விற்பனைக்கு வந்திருந்தது. தரைத்தளம். வாசலில் ஒரு படிகூட இல்லை. அதன் உரிமையாளர் மாதக் கடைசி வரை வேறு யாருக்கும் கொடுக்காமல் இருப்பதாகச் சொல்லியிருந்தார்.

“சும்மா சொன்னேண்ணே. நல்ல வீடு, அவ்வளவுதான்” என்றாள்.

“வாங்கிக்கோ. நம்ம வீட்டை வித்துடுவோம். உன் பங்குல அந்த வீடு வரும். இது என் வார்த்தை” என்றேன்.

எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் மூத்தவன் ஒரு வார்த்தை சொன்னால் அது பத்திரம் மாதிரி. தம்பியும் உடனே தலையாட்டினான். பிள்ளைகள் எல்லாம் வெளியூர் போய்விட்ட பிறகு அவ்வளவு பெரிய வீட்டைப் பெருக்கித் துடைத்து எங்கள் இருவரின் மனைவிமாருக்கும் இடுப்பு ஒடிந்துபோயிருந்தது.

விலை எனக்கு முன்பே தெரியும் என்று நினைத்திருந்தேன். தெருமுனையில் ஒரு வீட்டின் மேல் ‘விற்பனைக்கு’ என்று போர்டு தொங்கியது. அதில் விலையும் எழுதியிருந்தது. அந்த வீட்டைவிட எங்கள் வீடு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. ஆகவே அந்த விலைக்கு மேல் கொஞ்சம் போட்டுப் பார்த்துத்தான் தங்கைக்கு வார்த்தை கொடுத்தேன்.

ஏஜென்ட் அம்மாள் முதல் தடவை வந்தபோது நான் சலவைச் சட்டை போட்டு, அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தோளில் ஒரு கனமான பை, கையில் சோப்புக்கட்டி அளவுக்கு ஒரு கருவி. நடை கொஞ்சம் வேகம். பேச்சும் அப்படியே.

“என்ன விலை போகும்?” என்று கேட்டேன்.

“இப்பவே எப்படி சார் சொல்றது? நாடி பிடிக்காம மருந்து எழுதச் சொல்றீங்களே.”

“முனை வீட்டு போர்டைப் பாத்தீங்களா?”

“பாக்குறேன் சார். போன வருஷத்துலேருந்து பாக்குறேன். வாங்குறவங்கதான் பாக்க மாட்டேங்குறாங்க.”

தம்பி சிரித்தான். நான் அவனைப் பார்த்தேன். நிறுத்திக்கொண்டான்.

“போர்டுல எழுதியிருக்கிறது அவரோட ஆசை” என்றார் அந்த அம்மாள். “நான் வித்து முடிஞ்ச வீட்டைத்தான் எடுப்பேன். பக்கத்துத் தெருக்கள்ல, இந்த அளவு இடத்துல, சமீபத்துல கைமாறின வீடு. அதுல மூணைப் பிடிச்சு உங்க வீட்டுக்குப் பக்கத்துல நிக்க வெச்சுப் பாப்பேன். அங்க இல்லாத ஒண்ணு உங்ககிட்ட இருந்தா அந்த விலைமேல கூட்டுவேன். அங்க இருக்கிறது உங்ககிட்ட இல்லைன்னா கழிப்பேன். கடைசியில நிக்கிறதுதான் உங்க வீட்டு விலை.”

நியாயமான முறையாகத்தான் பட்டது. அப்படியானால் கூட்ட வேண்டியதை எல்லாம் விடாமல் கூட்ட வேண்டும் அல்லவா? “எங்கப்பா இந்தத் தெருவுக்கே பெரிய மனுஷர். எந்த வீட்டுல சண்டைன்னாலும் அவர்கிட்டதான் வருவாங்க. அவர் சொன்னா மறுபேச்சு கிடையாது. அதையும் எழுதிக்குங்க” என்றேன்.

“எழுதலாம் சார். எந்தக் கட்டத்துல எழுதுறதுன்னுதான் தெரியல.”

பிறகு எழுந்து வேலையைத் தொடங்கினார். கருவியைச் சுவரோடு ஒட்டி வைத்து அழுத்தினால் எதிர்ச் சுவரில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். அளவு கருவியில் தெரியும். குழாய்களைத் திறந்து மூடினார். மேல்தளத்தில் தண்ணீர் தேங்குகிறதா என்று ஏறிப் பார்த்தார். குளியலறைக் கதவு உப்பியிருப்பதை ஒரு விரலால் தள்ளியே கண்டுபிடித்தார். கூடத்துக்கு வந்ததும் கருவியை அழுத்தினார். சிவப்புப் புள்ளி சட்டென்று பக்கத்திலேயே விழுந்தது.

“இங்கேயே நின்னுடுச்சே” என்றார்.

“நாங்க எல்லாரும் அங்கதாம்மா நிப்போம்” என்றான் தம்பி.

கூடத்தின் நடுவில் ஒரு சுவர். தரையிலிருந்து கூரை வரை, வாசலிலிருந்து பின்கட்டு வரை நேராக ஓடும். அதன் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் தம்பி. ஆளுக்கொரு வாசல் கதவு, ஆளுக்கொரு சமையலறை. சுவரின் நடுவில் கை எட்டும் உயரத்தில் சின்னதாக ஒரு ஜன்னல்.

“இது எதுக்கு சார்?”

“அது கூரையைத் தாங்குற சுவர்” என்றேன்.

“ஜன்னல்?”

“காத்துக்கு.”

என் மனைவி தரையைப் பார்த்தாள். தம்பி மனைவி அந்த ஜன்னலையே பார்த்தாள். ஏஜென்ட் அம்மாள் நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்.

அந்தச் சுவர் எதையும் தாங்கவில்லை. எங்களுக்குக் கல்யாணமான புதிதில் வீட்டில் கூடத்தில் மட்டும்தான் மின்விசிறி இருந்தது. எனக்கு ரெகுலேட்டர் இரண்டில் இருந்தால்தான் சரிப்படும். அதற்கு மேல் போனால் தலை கனத்துவிடும். தம்பிக்கு ஐந்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவன் சட்டையைப் பிழியலாம். சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் உட்கார்ந்தால் அவன் எழுந்து போய்த் திருப்புவான், நான் எழுந்து போய்த் திருப்புவேன். ஊர்ச் சண்டையை எல்லாம் ஒரே பேச்சில் தீர்த்து வைத்த அப்பாவால் இந்த வழக்கை மட்டும் தீர்க்க முடியவில்லை. ஒருநாள் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுக் கொத்தனாரைக் கூப்பிட்டு அனுப்பினார். சுவர் எழுந்தது. இரண்டாவது மின்விசிறியும் வந்தது. மருமகள்கள் இருவருக்கும் ஒரு சண்டையும் இல்லாததால் கிண்ணத்தைக் கொடுத்து வாங்க ஜன்னல் கேட்டார்கள். அதையும் வைத்துக் கொடுத்தார்.

ஆனால் நடுக்கூடத்தில் சுவர் இருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அண்ணன் தம்பிக்குள் ஆகவில்லை, வீட்டைக் கூறுபோட்டுவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். அப்பாவின் பெயருக்கு அது அழகா? ஆகவே கூரை என்று சொன்னோம். சம்பந்தி வீட்டாருக்கும் அதையே சொன்னோம், வாடகைக்கு இடம் கேட்டு வந்தவர்களுக்கும் அதையே சொன்னோம். இத்தனை காலமும் யாரும் மறுத்துப் பேசியதில்லை.

அடுத்த வாரம், அதாவது நான் முதலில் சொன்ன அந்த நாளில், ஏஜென்ட் அம்மாள் அறிக்கையோடு வந்தார். எல்லோரும் என் பக்கத்துப் பாதியில் கூடினோம். தம்பியும் அவன் மனைவியும் தங்கள் வாசல் வழியாக வெளியே போய், சேற்றில் நடந்து, என் வாசல் வழியாக உள்ளே வந்தார்கள். ஆறு பேர் உட்கார்ந்ததும் கால் நீட்ட இடமில்லை. தங்கைக்கு மட்டும் முழங்காலுக்காக ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தோம்.

மேசையில் மூன்று வீடுகளின் படங்களைப் பரப்பினார். பச்சை கேட் வீடு, மாடிப்படி வெளியே இருக்கும் வீடு, மருந்துக் கடைக்குப் பின்னால் இருக்கும் வீடு.

“பச்சை கேட் வீடா?” என்றேன். “அவங்க பையன் வீட்டை விட்டு ஓடிப்போனவன். அந்த வீட்டோடயா எங்க வீட்டைச் சேர்த்து வெச்சுப் பாக்குறீங்க?”

“ஓடிப்போனதுக்கு நான் எதுவும் கழிக்கல சார். அங்க கார் நிறுத்த இடம் இருக்கு, இங்க இல்ல. அதுக்குத்தான் கழிச்சேன்.”

என் மனைவி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். மருந்துக் கடை வீட்டைவிட எங்கள் மனை அகலம், அதற்குக் கூட்டல். மாடிப்படி வீட்டின் குளியலறைகள் புதியவை, எங்களுடையது பழையது, அதற்குக் கழித்தல். கிணற்றில் கோடையிலும் தண்ணீர் நிற்கிறது, அதற்குக் கூட்டல். எனக்குத் திருப்தியாக இருந்தது. மதிலுக்கு அப்பால் தண்ணீர் விழும் சத்தம்கூட நின்றுபோயிருந்தது.

“அடுத்தது சுவர்” என்றார். “இந்த மூணு வீட்டுலயும் பெரிய கூடம் இருக்கு. உள்ள வர்றவங்க முதல்ல பாக்குறதே அதைத்தான். உங்க வீட்டுல கதவைத் திறந்தா ரயில் பெட்டி மாதிரி இருக்கு. வாங்குறவங்க இடிச்சுக்கலாம்னு பாத்தா, கூரையைத் தாங்குற சுவர்னு சொல்லிட்டீங்க. அதை எடுக்கணும்னா கீழே உத்தரம் குடுக்கணும், பெரிய வேலை. அந்தச் செலவை எல்லாம் விலையிலதான் கழிப்பாங்க. அதனால நானும் கழிச்சுட்டேன்.”

கடைசிப் பக்கத்தைத் திருப்பி எங்கள் பக்கம் நகர்த்தினார். நான் பார்த்தேன். தம்பி பார்த்தான். மூன்றாகப் பிரித்தால் தரைத்தள வீட்டுக்குக் காணாது. கொஞ்சம் நஞ்சமல்ல, நன்றாகவே குறைந்தது. தங்கைக்கும் கணக்குத் தெரியும்.

“அது போகட்டும்ணே” என்றாள், முக்காலியிலிருந்து காலை இறக்கிக்கொண்டே. “மாடிப்படி ஏறினா உடம்புக்கு நல்லதாம். டாக்டரே சொல்றார்.”

“எந்த டாக்டர்?” என்றேன்.

“டிவியில வர்றாரே, அவர்.”

“அவரை வந்து உன் மாடியில ஒரு மாசம் இருக்கச் சொல்லு” என்றாள் என் மனைவி.

தங்கை சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் கைப்பையை எடுத்தாள். எழுந்திருப்பதற்கு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை நான் பார்த்தேன். ஒரு பக்கம் அப்பாவின் பெயர். இன்னொரு பக்கம் அவளுக்கு நான் கொடுத்த வார்த்தை. இரண்டையும் காப்பாற்ற வழி இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே தம்பி தொண்டையைக் கனைத்தான்.

“ஏம்மா, அந்தச் சுவர் கூரைக்காக இல்ல. என்னாலதான் வந்தது.”

“டேய், உட்காரு” என்றேன்.

“இல்லண்ணே, நான் சொல்லிடறேன். தப்பு என்னோடது.”

இதை என்னால் பொறுக்க முடியவில்லை. பழி என்று வந்தால் மூத்தவன்தான் முன்னால் நிற்க வேண்டும். தம்பியைத் தள்ளிவிட்டு அண்ணன் பின்னால் ஒளிந்துகொண்டான் என்ற பேச்சு எங்கள் குடும்பத்தில் இதுவரை வந்ததில்லை.

“அவன் பேச்சைக் கேக்காதீங்க. சுவர் வந்ததுக்குக் காரணம் நான்” என்றேன்.

“அண்ணே, நான்தானே அஞ்சுல வெச்சேன்?”

“நீ அஞ்சுல வெச்சா என்ன? எந்திரிச்சுப் போய் ரெண்டுக்கு மாத்தினது நான்தானே?”

“நீங்க மாத்தினதும் நான் திரும்ப அஞ்சுக்கு வெச்சேனே.”

“அதைத்தான் சொல்றேன். பெரியவன் ஒரு தடவை மாத்தினா விட்டுட வேண்டியதுதானே? அதென்ன அப்படி ஒரு வேர்வை உனக்கு?”

“உங்களுக்கு என்ன அப்படி ஒரு குளிர்? வெயில் காலத்துல கம்பளி போத்தின மனுஷன் இந்த உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்.”

“அது கம்பளி இல்ல. துண்டு.”

“கம்பளிதான் மாமா” என்றாள் தம்பி மனைவி, மெதுவாக.

ஏஜென்ட் அம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “எதை சார் அஞ்சுல வெச்சார்?”

தங்கைதான் கையைத் தூக்கி மேலே காட்டினாள். தலைக்கு மேல் என் மின்விசிறி இரண்டில் ஆடி அசைந்து சுற்றிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, வீட்டில் ஆளே இல்லாதபோதும், தம்பியின் மின்விசிறி ஐந்தில் இரைவது கேட்டது.

முதலில் சிரித்தது தங்கை. அப்புறம் என் மனைவி. மதிலுக்கு அப்பாலும் ஒரு கனைப்புச் சத்தம் கேட்டது. ஏஜென்ட் அம்மாள் பேனாவை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“சார், சொத்துச் சண்டைக்கு வெச்ச சுவர் பாத்திருக்கேன். மாமியார் மருமகள் சண்டைக்கு வெச்ச சுவர் பாத்திருக்கேன். ஃபேனுக்கு வெச்சது இப்பதான் பாக்குறேன்.”

“இது வெளியில போகக் கூடாது” என்றேன்.

“ஏன் சார்? வாங்க வர்றவங்க நடுவுல சுவரைப் பாத்தா முதல்ல கேக்கப்போறதே, பங்காளிச் சண்டையா, கேஸ் ஏதாவது இருக்கான்னுதான். பயந்து ஓடிடுவாங்க. ஃபேனுக்காகன்னு சொன்னா யாரும் ஓட மாட்டாங்க. கூரையைவிட இதான் சார் உங்களுக்கு நல்லது.”

இதை நான் யோசித்ததில்லை. கூரை என்று நாங்கள் சொன்ன ஒவ்வொரு தடவையும், கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, வெளியே போய்ப் பங்காளிச் சண்டை என்றே பேசிக்கொண்டிருந்திருப்பார்கள். அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய பெயருக்கு அதுதான் பலன்.

“அப்ப அந்தக் கழித்தலை எடுத்துடுங்க” என்றேன்.

“எடுத்துடலாம். ஆனா ஒரு தடவை உங்க வார்த்தையை நம்பி எழுதிட்டேன் சார். இந்தத் தடவை இன்ஜினியர் வந்து பாத்துச் சொல்லட்டும்.”

என் வார்த்தைக்கு மேல் இன்னொருவர் வார்த்தையா என்று கேட்க வாய் வரை வந்தது. தங்கை இன்னும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “வரச் சொல்லுங்க” என்றேன்.

இன்ஜினியர் மறுநாளே வந்தார். சுவரைத் தட்டினார், ஜன்னலுக்குள் கையை விட்டுப் பருமன் பார்த்தார், ஏணி போட்டு மேலே ஏறினார். இறங்கி வந்து கையைத் தட்டிக்கொண்டார்.

“ஒத்தைக்கல் சுவர். இது எங்க கூரையைத் தாங்குது? கூரைதான் பாவம் பாத்து இதைத் தாங்கிட்டு இருக்கு.”

படம் எடுப்பதற்கு முன்பே இடித்துவிட்டால் நல்லது என்று ஏஜென்ட் அம்மாள் சொன்னார். கூடம் எவ்வளவு பெரிது என்று வாயால் சொல்வதைவிட, வருகிறவர்கள் கண்ணால் பார்க்கட்டும் என்றார். கொத்தனார் வந்தார். ஜன்னல் சட்டம் உடைந்துவிடக் கூடாது என்று தம்பி மனைவி பக்கத்திலேயே நின்றாள். அதைப் பத்திரமாகக் கழற்றி வாங்கிய பிறகுதான் கொத்தனாரை மேற்கொண்டு தட்ட விட்டாள். தூசி அடங்கியதும் நாங்கள் எல்லோரும் கூடத்தின் ஓரமாக நின்று பார்த்தோம். வெளிச்சம் இந்த வாசலிலிருந்து அந்த வாசல் வரை விழுந்தது. ஏஜென்ட் அம்மாள் கருவியை அழுத்தினார். சிவப்புப் புள்ளி கூடம் முழுவதும் கடந்துபோய், தம்பி பக்கத்து நாள்காட்டியின் மேல் விழுந்தது.

“இப்ப சரி” என்றார்.

திருத்திய அறிக்கையில் அந்த மூன்று வீடுகளுக்கு நாங்கள் சளைக்கவில்லை. கார் நிறுத்த இடத்துக்கான கழித்தலை மட்டும் அவர் கடைசி வரை எடுக்கவில்லை. தெருவிலேயே தாராளமாக நிறுத்தலாமே என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரரும் அதையேதான் நினைக்கிறார் சார் என்றார்.

விலையை அவர் சொன்னபடியே வைத்தோம். ஆசைக்குக் கொஞ்சம் ஏற்றி வைக்கலாமா என்று தம்பி கேட்டபோது, முனை வீட்டுப் பக்கமாக நான் கையை நீட்டிக் காட்டினேன்.

மூன்றாவதாகப் பார்க்க வந்தவர்களுக்கே வீடு முடிந்தது. கணவன் மனைவி இருவரும் பள்ளி ஆசிரியர்கள். அவர்களுடைய குழந்தைகள் உள்ளே வந்ததும் வராததுமாகக் கூடத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தன. தரையில் தெரியும் இந்தக் கோடு என்ன என்று அந்த மனைவி கேட்டாள். சுவர் இருந்த இடம் என்று நானே சொன்னேன். எதற்காக என்பதையும் நானே சொன்னேன். அவள் தன் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். “எங்க வீட்டுலயும் இதே கேஸ்தாங்க. இவருக்கு அஞ்சு” என்றாள். அதற்குப் பிறகு பேரம் சுலபமாகப் போயிற்று.

மாதக் கடைசிக்கு முன்பே தங்கை தரைத்தள வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டாள். குடிபோன அன்று அவள் வாசலில் நின்று உள்ளே ஒரு கால், வெளியே ஒரு கால் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். “இதென்னண்ணே, ஏறவே வேண்டியதில்ல. எங்கேயோ ஒரு படியைத் தொலைச்சுட்ட மாதிரி இருக்கு” என்றாள். நானும் தம்பியும் ஒரே கட்டடத்தில் எதிரெதிர் வீடுகளாகப் பார்த்துக்கொண்டோம். நடுவில் ஒரு நடைபாதை. ஆளுக்கு ஒரு கதவு, ஆளுக்கு ஒரு மின்விசிறி. கதவுகளை யாரும் சாத்துவதில்லை. ஜன்னல் சட்டத்தைத் தம்பி மனைவி தன் சமையலறைச் சுவரில் மாட்டி, உள்ளே கண்ணாடி வைத்துக்கொண்டாள்.

கடைசியாக ஒன்று. கொத்தனார் சுவரை இடித்தபோது உள்ளே புதையல் கிடைத்ததாகவும், அதை வைத்துத்தான் நாங்கள் தங்கைக்கு வீடு வாங்கிக் கொடுத்ததாகவும் ரேடியோ தெருவில் சொல்லிவருகிறார். சுவருக்குள் செங்கல்தான் இருந்தது. அந்த வீட்டை நாங்கள் வாங்கிக் கொடுக்கவில்லை. தன் பங்கில் அவளே வாங்கினாள்.